பெண் இல்லாத வம்சாவளி

விழுப்புரத்திலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் வந்திருந்தான். கையில் நீளமான ஒரு காகிதச் சுருள். கூடத்தில் பாயை விரிக்கச் சொல்லி, அதன்மேல் சுருளைப் பரப்பி, நாலு மூலைக்கும் நாலு புத்தகத்தைப் பாரமாக வைத்தான். வாசகர்களே, அது எங்கள் குடும்பத்தின் வம்சாவளி! ஒன்பது தலைமுறை! ஆலமரம் போல் கிளை விட்டுப் பரந்து கிடந்தது.

"மூணு வருஷ உழைப்பு சித்தப்பா. தை மாசம் திண்டிவனத்திலே எல்லாரையும் கூட்டிப் புஸ்தகமா வெளியிடப் போறோம். முன்னுரை நீங்கதான் எழுதணும்" என்றான்.

அவன் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழனின் வம்சாவளியைத் தேடுவது லேசான காரியமா? நமக்கு வெள்ளைக்காரனைப் போல் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி. தாத்தா பெயரைச் சுமப்பவன்தான் பேரன். ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வந்து ஆளை மயக்கும். கிராமத்துக் கர்ணம் பதவியோ 1980-ல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஊர்க் கதை முழுவதையும் நாக்கு நுனியில் வைத்திருந்த அந்த மனிதர்களும் போய்விட்டார்கள். இவன் பரண்களில் ஏறி, மூலப் பத்திரங்களைப் புரட்டி, வில்லங்கச் சான்று போட்டு, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அலைந்து அலைந்து இதைச் சேர்த்திருக்கிறான்.

கண்ணாடியைப் போட்டுக் கொண்டு கிளை கிளையாகத் தேடினேன். என் தகப்பனார் இருந்தார். அவர் தம்பி இருந்தார். ஐந்து வயதில் அம்மை வார்த்துச் செத்துப் போன ஒரு பெரியப்பா கூட இருந்தார். என் அத்தை இல்லை.

"அத்தை எங்கேடா?" என்றேன்.

"பொம்பளைங்களைப் போடலே சித்தப்பா. அவங்க கல்யாணம் ஆகி வேற வம்சத்துக்குப் போயிடறாங்க இல்லே?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! சரி, போன இடத்திலாவது அவளுக்கு இடம் உண்டா? அங்கேயும் ஒரு பிள்ளையாண்டான் இப்படித்தான் ஒரு சுருளைப் பரப்பி, ஆண்களை மட்டும் எழுதிக் கொண்டிருப்பான். பிறந்த வீட்டார் அவள் போய்விட்டாள் என்கிறார்கள். புகுந்த வீட்டார் அவள் வந்தவள் என்கிறார்கள். நடுவே அவள் எங்கேதான் இருந்தாள்?

என் அத்தை எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் தாலியிழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அடுப்பங்கரையில் இருந்தாள். புகுந்த வீட்டில் ஜீவனாம்சமாகக் கொடுத்த முக்கால் காணி நிலத்தை விற்றுத்தான் என் தகப்பனாரைப் படிக்க வைத்தாள். அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை நான் பார்த்திருக்கிறேன். அதிலே அவள் பெயர் இருக்கிறது. இன்னார் பாரியாள், இன்னார் குமாரத்தி என்று இரண்டு ஆண்களுக்கு நடுவே இருந்தாலும் இருக்கிறது. கீழே இடது கைப் பெருவிரல் ரேகையும் இருக்கிறது. அந்த ரேகை இல்லாவிட்டால் என் தகப்பனாருக்குப் படிப்பு இல்லை. எனக்குப் பேனா இல்லை. இந்த முன்னுரையைக் கேட்டு என் வீட்டுக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுத்தான் பாருங்களேன். ஒருவனுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு மேலே எட்டு. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற நம் வழக்கத்தில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார்; எட்டு ஆறாகச் சுருங்கும். அப்படிச் சுருங்கினாலும் நூற்றுக்கணக்கானவர்கள் மிஞ்சுவார்கள். அந்தப் படியில் நிற்பவர்களில் நமது வம்சாவளி எழுதி வைப்பது ஒரே ஓர் ஆளை! மற்றவர்களை அழித்துவிட்டு, மிச்சமான ஒருவரைக் காட்டி, 'இதுதான் எங்கள் ரத்தம்' என்று மார்தட்டுகிறோம்.

சாஸ்திரத்தைச் சொல்லி வாயடைக்கப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமாவாசைத் தர்ப்பணத்தில் தகப்பன், பாட்டன், முப்பாட்டனோடு தாய்க்கும் பாட்டிக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் எள்ளும் தண்ணீரும் உண்டு. தர்ப்பைப் புல் மறக்காத பெயரை இந்தச் சார்ட்டுத் தாள் ஏன் மறக்கிறது?

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். நமது பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பது மாதிரிதான் எழுதினார்கள். அதில் கருணை ஏதும் இல்லை. ஆனாலும், பெண்ணுக்கும் தனி நம்பர் போட்டார்கள். தனி வரியில் அவள் பெயரை எழுதினார்கள். அந்தப் பட்டியலைக் கொண்டுதான் அவர்கள் வழிவந்தவர்கள் இன்று தங்கள் கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடுகிறார்கள். கரும்பு வெட்ட ஆள் பிடித்த துரைத்தனத்தின் குமாஸ்தா எழுதிய ஒரு வரியை, அவள் வயிற்றில் பிறந்த வம்சம் எழுத மறுக்கிறதே! இதற்கு என்ன பெயர் சொல்வது?

இதெல்லாம் வெறும் காகித அலங்காரம், இதற்குப் போய் இத்தனை ஆத்திரமா என்பீர்கள். அலங்காரம் அல்ல. குடும்ப வம்சாவளியில் எழுதி வைத்த உறவு முறையை, வழக்குக் கிளம்புவதற்கு முந்தி எழுதியதானால், கோர்ட்டு கவனிக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. பூர்விகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லும், இந்தியா முழுவதுக்குமாக நாடாளுமன்றம் 2005-லும் சட்டம் செய்தன. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துச் சொன்னது. சட்டம் பெண்ணை உள்ளே அழைத்து வந்து உட்கார வைக்கிற காலத்தில், நாம் அச்சுப் போட்டு அவளை வெளியே தள்ளுகிறோம். செய்கிற பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணமே இல்லாமல் செய்யப்படுகிற அநியாயம்தான் ஒன்பது தலைமுறை தாங்குகிறது.

நான் மட்டும் யோக்கியனா? அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன். என் தகப்பனாரின் தாயார் பெயர் தெரியும். அவளுடைய தாயார் பெயர்? தெரியவில்லை. எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பெயர் தேடித் தேடிச் சூட்டியவன் நான். என் சொந்தக் கொள்ளுப்பாட்டிக்கு என்னிடம் பெயர் இல்லை. வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் அவனிடம் சொன்னேன்: "நீ முதலில் போக வேண்டிய இடம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் அல்ல. நம் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கிற கிழவிகளில் மூத்தவள் யாரோ, அவள் திண்ணைக்குப் போ. வெற்றிலை வாங்கிக் கொண்டு போ. யார் எந்த ஊரில் பிறந்தாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எத்தனை பெற்றாள், எத்தனை தக்கியது என்று கேள். அவள் போய்விட்டால் அந்த ஏடு எந்த ஆபீசிலும் நகல் கிடைக்காது. ஓடிப் போனவள், தள்ளி வைக்கப்பட்டவள், ஜாதி விட்டுக் கல்யாணம் செய்து கொண்டவள், ஒருத்தியையும் விடாதே. அப்புறம் வா, முன்னுரை தருகிறேன்."

"தைக்குள்ளே முடியாதே, சித்தப்பா!"

"முடியாவிட்டால் அடுத்த தை வரட்டும். ஒன்பது தலைமுறையாகக் காத்திருக்கிறவர்கள் இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பார்கள்."

சுருளைச் சுருட்டிக் கொண்டு போனான். முகம் அவ்வளவு நன்றாக இல்லை. திரும்பி வருவானோ, வேறொரு எழுத்தாளரைப் பார்த்துக் கொள்வானோ, நான் அறியேன்.

இவ்வளவு எழுதியவன் அத்தையின் பெயரை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது முதலில் எழுதப்பட வேண்டிய இடம் பத்திரிகை அல்ல. அந்தச் சுருளில், என் தகப்பனாருக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு விரற்கடை முன்னே. அங்கே அது ஏறிய பிறகு இங்கேயும் எழுதுகிறேன்.