உளிக்கு எதற்கு வார்னிஷ்?

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த அப்பாவின் தச்சுப் பெட்டியை இறக்கியதும் நான் செய்த முதல் காரியம், வார்னிஷ் வாங்கிவந்தது. உளிகளை உப்புத்தாளால் தேய்த்து, கைப்பிடியோடு இரும்புக்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்தேன். அடுத்த ஆடிக்குள் ஓர் உளியின் முதுகில், வார்னிஷுக்கு அடியிலேயே புழு ஊர்ந்ததுபோல் துருக்கோடுகள். விளிம்பில் நகக்கண் அளவு உரிந்திருந்தது. உப்புக்காற்றின் ஈரத்துக்கு அந்த வழி போதும்.

பழைய கருவிகளைச் செப்பனிடுகிறவர்கள் பளபளப்பைத் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. அப்பாவின் உளிப்பிடியில் அவர் உள்ளங்கை அழுந்திய இடம் வேர்வையில் கறுத்து, லேசாகப் பள்ளமாகியிருக்கும். அதைப் போய்த் தேய்த்து வெளுப்பாக்கினேனே!

கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெயே போதும். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். மரத்துக்குள் இறங்கி, காற்றுப் பட்டுத் தானே இறுகிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இறுகாது. நாள்பட்டால் சிக்கு வாடைதான் மிச்சம். மெல்லிசாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபிறகு இன்னொரு கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள்.

அரக்குப் பாலிஷ் பெட்டிக்கு அழகு, வேர்க்கிற கைக்கு ஆகாது. இரும்புக்கு மெஷின் ஆயில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. எங்களைப்போல் கடலோரத்தில் இருப்பவர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்துத் தேன்மெழுகை எண்ணெயோடு உருக்கி, ஆறியதும் தேய்த்து வைக்கலாம்.

வருஷாவருஷம் இதே வேலையா என்பார்கள். ஆயுதபூஜைக்கு எப்படியும் வெளியே எடுக்கத்தானே போகிறோம், பொட்டு வைப்பதற்கு முன்னால் எண்ணெய் போடுவதில் என்ன கஷ்டம்? எண்ணெய் போட்ட இரும்பில் துரு வந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். வார்னிஷ் அதை மூடி வளர்க்கும்.

நான் அடித்த வார்னிஷை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டியெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மற்ற உளிகள் தேறிவிட்டன. துருவோடிய உளியின் முதுகில் மட்டும் குழிகள். சாணைக்கல்லில் எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி வந்து முட்டும் இடத்தில் வாய் பல் விழுந்தே நிற்கிறது. பெயின்ட் டப்பா மூடியைத் திறக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.