வீடியோவைப் பார்த்தால் பாடம் படித்ததாகுமா?

பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் இதை அவசியம் படியுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் படித்துக் கொண்டிருக்கிறார் என்று நாம் நம்பி விடுகிறோம். நானும் அப்படி நம்பி ஏமாந்தவன்தான்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டுதான் என் தங்கை பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தாள். கல்லூரி வாசலை மிதிக்காமலேயே கூகுள் மீட்டில் வகுப்புகள் ஆரம்பமாயின. அப்பா தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். நான் இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் சேர்ந்த புதிது. அடுத்த அறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். தங்கை ஒரு வகுப்பையும் விடவில்லை. ஆசிரியர் அனுப்பிய வீடியோக்களைப் பாடவாரியாக ஃபோல்டர் போட்டு சேவ் செய்து வைத்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு இரவு, "அண்ணா, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று அழுதாள். "பார்க்கும்போது எல்லாம் புரியுது. எழுத உட்கார்ந்தா கை ஓடல" என்றாள். ஒரு பேப்பரைக் கொடுத்து, தக்காளிக்குத் தேவைக்கோடு வரையச் சொன்னேன். எந்த அச்சில் விலை, எந்த அச்சில் அளவு என்பதிலேயே நின்று விட்டாள். அதே வீடியோவை அவள் மூன்று முறை பார்த்திருக்கிறாள்!

தவறு அவள் மீது இல்லை, கம்ப்யூட்டர் மீதும் இல்லை. கம்ப்யூட்டரை டி.வி. போலப் பயன்படுத்தியதுதான் தவறு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்கள் நினைவில் 42 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 சதவீதமும் தங்கியிருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர். வீடியோவை மூடிவிட்டு கணக்கைக் கையால் போட வேண்டும், படத்தைக் கையால் வரைய வேண்டும். விடை சரியா என்று பார்க்க மட்டும் லிப்ரே ஆபீஸ் கால்க். இது இலவச சாப்ட்வேர். எக்செல் இருந்தாலும் போதும்.

ஒரு உதாரணம் பாருங்கள். தக்காளி கிலோ 40 ரூபாயாக இருந்தபோது ஒரு குடும்பம் மாதம் 10 கிலோ வாங்கியது. விலை 50 ஆனதும் 8 கிலோவாகக் குறைத்துக் கொண்டது. விலை 25 சதவீதம் ஏற, அளவு 20 சதவீதம் இறங்கியது. மைனஸ் குறியை விட்டுவிட்டால் தேவை நெகிழ்ச்சி 0.8. இதையே திருப்பிப் போடுங்கள். விலை 50-லிருந்து 40-க்கு இறங்கினால் 20 சதவீதக் குறைவு. அளவு 25 சதவீதம் கூடுதல். இப்போது விடை 1.25! தங்கை குழம்பிய இடம் இதுதான். சராசரி விலை 45, சராசரி அளவு 9 என்று எடுத்துக் கணக்கிடும் நடுப்புள்ளி முறையில் எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை 1. மொத்தச் செலவும் இரண்டு விலையிலும் அதே 400 ரூபாய்தான். கேள்வியில் எந்த முறை கேட்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

அடுத்து படம். கால்க்கில் இரண்டு காலங்களையும் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் சென்று, எக்ஸ்ஒய் ஸ்காட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். முதல் காலம் படுக்கை அச்சுக்குப் போய்விடும். ஆனால் பொருளாதாரப் புத்தகங்களில், ஆல்ஃப்ரெட் மார்ஷல் காலத்திலிருந்தே, விலை செங்குத்து அச்சில்தான் வரும். எனவே அளவை முதல் காலத்திலும் விலையை இரண்டாவதிலும் டைப் செய்யுங்கள். இதைத் தெரியாமல் போட்டால் கம்ப்யூட்டர் படம் புத்தகப் படத்தோடு பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் கேட்டுத் தீர்த்துக் கொள்ளும் சந்தேகம், ஆன்லைன் வகுப்பில் மைக்கை ஆன் செய்யத் தயங்கியே தங்கிவிடும். "0.8 எப்படி 1.25 ஆனது?" என்று கேட்க அவளுக்கு ஒரு செமஸ்டர் முழுதும் வாய் வரவில்லை. சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி, அன்றன்றே ஆசிரியருக்கு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தேர்வில் கேள்வித்தாள் ஸ்கிரீனில் வந்தது. விடைகளை ஏ4 தாளில் பேனாவால் எழுதி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பினாள். படங்களை ஸ்கேல் வைத்து வரைந்தாள். தேறிவிட்டாள்.

கொரோனா காலம் முடிந்தாலும் வீட்டிலிருந்து படிப்பது முடியவில்லை. 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பொருளாதாரப் பாடங்கள் உண்டு. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். சேவ் செய்து வைத்த வீடியோ அங்கே கூட வராது.

ஆகவே இன்று இரவு பிள்ளையிடம் "எத்தனை வீடியோ பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இன்று படித்ததை வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.