நம்மட இல்லை என்கிற சங்கீதம்

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நாலைந்து பேர் பாசிக்குடாக் கரையில் கூடியிருந்தோம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எழும்பிய ஹோட்டல் ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து சித்தாரும் புல்லாங்குழலும் கலந்த ஏதோ ஒன்று வந்துகொண்டேயிருந்தது. அதற்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. உல்லாசப் பயணி சாப்பிடும்போது காதை உறுத்தாமலிருப்பதற்காகச் செய்த சத்தம். எங்களில் ஆசிரியராயிருக்கும் இளைஞர் கேட்டார்: "சாஸ்திரிய சங்கீதம் என்றால் இதுதானா? கேட்கத் தொடங்குவதென்றால் எதிலிருந்து தொடங்குவது?" நான் வாய் திறக்குமுன் ஓட்டமாவடி நண்பர் முந்திக்கொண்டார்: "அது அவங்கட கோயில் சங்கீதம். நமக்கென்னத்துக்கு காக்கா அது?"

இக்கட்டுரை அந்த இரண்டாமவருக்கு. முதலாமவர் கேட்ட பட்டியலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

"நம்மட இல்லை" என்பது முதலில் வரலாற்றுப் பிழை. இந்துஸ்தானி இசையின் கரானாக்களில் பெரும்பாலானவற்றை வளர்த்தெடுத்தவை உஸ்தாதுகளின் குடும்பங்கள். வடக்கின் கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், தெற்கே வாருங்கள். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்னமௌலானா ஐந்து வேளை தொழுகையை விடாமல் நாதஸ்வரத்தின் உச்சத்தைத் தொட்டவர். 1998இல் சென்னை மியூசிக் அகடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. மறு ஆண்டு மௌத்தானார். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதியர் 2020இல் பத்மஸ்ரீ பெற்றனர். ஒரு முஸ்லிம் பெண் நாதஸ்வரம் ஏந்தி அடைந்த கௌரவம் நமது சஞ்சிகைகளில் எத்தனை வரி பெற்றது?

இரண்டாவது தடை மார்க்கம் பற்றியது. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமல்லன். கருத்து வேறுபாடு உண்டு என்பதை மட்டும் மறைக்கவேண்டாம் என்கிறேன். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஸமாஉ பற்றி ஒரு தனி நூற்பகுதியே எழுதி, எது ஆகும், எது ஆகாது என்று நிதானமாகப் பிரித்துக் காட்டினார். அந்த நிதானம் இன்று நம்மிடம் இல்லை. கிராஅத்தை நாம் இசையென்று சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் எகிப்தின் ஷெய்க் முஸ்தபா இஸ்மாயீல் ஒரு மகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் மெய்மறந்து "அல்லாஹ்" என்கிற காது, சுர பேதம் அறிந்த காதுதானே? நமது ஊர்களில் இராகமிழுத்துச் சீறா படித்தவர்களுக்கும், றபான் தட்டி றாத்திபு ஓதிய பாவாமார்களுக்கும் அந்தக் காது இருந்தது. அதை நாமே இரண்டு தலைமுறைக்குள் அடைத்துக்கொண்டோம்.

மற்றப் பக்கத்தாரையும் சும்மா விடுவதற்கில்லை. 'கேட்கவேண்டிய சங்கீதம்' என்று தமிழில் வரும் பட்டியல்கள் பலவும் சென்னைச் சபாக்களின் வாசலில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. சின்னமௌலானா அவற்றில் 'மத நல்லிணக்கத்துக்கு' உதாரணமாக வருவாரேயன்றி வித்துவானாக வருவதில்லை. கலைஞனுக்கு இதைவிட அவமரியாதை இல்லை.

சரி, எதைக் கேட்பது? உஸ்தாத் அப்துல் கரீம் கானின் 1930களின் இசைத்தட்டுகளில் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். அவரது ஜிஞ்ஜோட்டி இராகத் தும்ரியைக் கேட்டுத்தான் சிறுவன் பீம்சேன் ஜோஷி குருவைத் தேடி வீட்டை விட்டோடினார். பிறகு அதே குரலில் கரஹரப்பிரியாவில் தியாகராஜ கிருதியைக் கேளுங்கள். தெற்கைக் கற்க வெட்கப்படாத வடநாட்டு உஸ்தாத் அவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோயில் புகையிரத நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அடுத்தது உஸ்தாத் அமீர் கானின் 1960ஆம் ஆண்டு இசைத்தட்டு. ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. மார்வாவில் பஞ்சமம் கிடையாது. ஷட்ஜத்தில் வந்து அமர்வதையும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். மஃரிபுக்கு முந்திய வேளையில், வெளிச்சம் வாவிப் பக்கமாய் வடியும்போது இதைக் கேட்டால், வீடு திரும்பவேண்டியவன் தெருவில் நிற்கிற தவிப்பு விளங்கும். தர்பாரியை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உஸ்தாத் அலி அக்பர் கான் 1955இல் அமெரிக்காவில் பதிவுசெய்த சரோத் இசைத்தட்டு. யெஹூதி மெனுஹின் முன்னுரை சொல்லி அறிமுகப்படுத்துவதால் புதியவருக்கு வசதி. நான்காவது, சின்னமௌலானாவின் நீண்ட இராக ஆலாபனை ஒன்று. வெட்டிக் குறுக்காத பதிவாக இருக்கட்டும். ஐந்தாவது, முஹர்ரத்தில் பனாரஸ் வீதியில் நடந்தபடி ஷெனாய் வாசித்து அழுத பிஸ்மில்லாஹ் கான். இவையெல்லாம் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் சமையலுக்கும் பேச்சுக்கும் பின்னால் ஓடவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த ஹோட்டல் சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இராது. ஒன்றை முழுதாகக் கேட்டு, மறுநாள் அதையே திரும்பக் கேளுங்கள்.

இது வெறும் இரசனைப் பேச்சல்ல. நமது பாடசாலைகளில் அழகியல் பாடம் என்றால் சித்திரம்தான். சங்கீதம் கேட்ட ஒரு மாணவியிடம், "ஆசிரியர் இல்லை, உனக்கு அது தேவையுமில்லை" என்று சொன்ன அதிபரை நான் அறிவேன். ஆசிரியர் இல்லாதது ஏன்? படித்தவர் இல்லாததால். படித்தவர் இல்லாதது ஏன்? நாம் அனுப்பாததால். 'யாழ் நூல்' தந்த விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, மாளிகைக்காட்டுக்குப் பக்கத்து ஊர். அவர் பெயரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. அங்கே சங்கீதம் படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஊராரும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஓட்டமாவடி நண்பர் கோபிக்கமாட்டார் என நம்புகிறேன். அடுத்த முறை கரைக்கு வரும்போது மார்வாவைக் கொண்டுவருவேன். ஒரு பக்கம் இருபது நிமிடமளவுதான். முழுதும் கேட்டுவிட்டு, அதன் பிறகும் "நம்மட இல்லை" என்றால் அவரோடு நான் வாதாட மாட்டேன். கேளாமலே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்மதமில்லை.