கியூபாவின் குத்துச்சண்டையைப் பசி வளர்க்கவில்லை

கியூபாவின் மக்கள்தொகை தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அந்தச் சின்னத் தீவு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இதுவரை 42 தங்கம் வென்றிருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் ஒரே நாடு 50 தங்கம் வென்ற அமெரிக்கா. அமெரிக்கா 1904-லேயே தங்கம் குவிக்கத் தொடங்கிவிட்டது. கியூபாவின் முதல் தங்கம் 1972-இல் மியூனிக்கில்தான் வந்தது. இந்த வெற்றிகளுக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: வறுமை. வயிறு காய்ந்தவனின் கை உரமாக விழும், இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் அடிக்கு அஞ்சமாட்டான் என்கிறார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பதில் நிற்பதில்லை. ஏழைப் பிள்ளைகளின் உழைப்பையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் உழைப்பையும் சேர்த்தே மறைத்துவிடும் பதில் இது என்பதால், இதை மறுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

1959 புரட்சிக்கு முந்தைய கியூபாவிலும் பசி இருந்தது, தெருச்சண்டை இருந்தது, திறமையும் இருந்தது. ஹவானா தெருக்களில் செய்தித்தாள் விற்றுத் திரிந்த சிறுவன் ஒருவன் ‘கிட் சாக்லெட்’ என்ற பெயரில் 1931-இல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனான். கியூபாவின் முதல் உலக சாம்பியன் அவன்தான். 1951-இல் ‘கிட் கவிலான்’ இன்னொரு எடைப் பிரிவில் பட்டம் வென்றார். ஆனால் அதே கியூபா ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 1968 வரை ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. அன்று பணம் அமெரிக்கத் தொழில்முறை மேடையில் இருந்தது, அமெச்சூர் ஆட்டத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால், பசி தனியாக என்ன செய்யும் என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. அது ஆயிரத்தில் ஒருவனைக் கப்பலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பும். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று எழுதிவைக்க ஆளில்லை.

கானாவின் தலைநகரான ஆக்ராவில் புகோம் என்றொரு கடலோரப் பகுதி இருக்கிறது. கா இனத்து மீனவர் குடியிருப்பு அது. குழுக்களாகத் திரண்டு வெறுங்கையால் மோதும் பழைய வழக்கம் கொண்ட அந்த இடுக்குச் சந்துகளின் மரபில்தான் அசுமா நெல்சன் போன்ற தொழில்முறை உலக சாம்பியன்கள் வளர்ந்தார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லிக் குத்துச்சண்டையைக் காப்பாற்றி வைத்திருந்த வடசென்னையை அறிந்தவர்களுக்குப் புகோமைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் அத்தனை வேட்கை இருந்தும் கானா ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வாங்கியது நான்கு பதக்கம். அதில் தங்கம் இல்லை. வில்பிரடோ கோமெஸ், பீலிக்ஸ் டிரினிடாட், மிகேல் கோட்டோ என்று தொழில்முறை சாம்பியன்களை வரிசையாகத் தந்த போர்ட்டோ ரிக்கோவும் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் கண்டதில்லை. ஏழ்மை இந்த எல்லா ஊர்களுக்கும் பொது. கியூபாவிடம் வேறெதுவோ இருந்தது.

அந்த வேறொன்று, தெருமுனைப் பயிற்சிக்கூடத்திலிருந்து தேசிய அணி வரை இடையில் அறுபடாமல் போகும் படிக்கட்டு. 1962-இல் தொழில்முறை விளையாட்டைக் கியூபா தடை செய்தது. 1964-இல் அல்சிடெஸ் சகாரா தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 2001 வரை அவரே தலைமைப் பயிற்சியாளர். சோவியத் நாட்டிலிருந்தும் கிழக்கு ஜெர்மனியிலிருந்தும் வந்த பயிற்சியாளர்களிடம் அறிவியல் முறைகளைக் கற்று, கியூபக் கால்களின் தாளத்தோடு அவற்றைச் சேர்த்து ஒரு தனிப் பாணியை அவர் உருவாக்கினார். அடித்துவிட்டு அடிபடாமல் விலகுவதே அதன் உயிர். மாகாணம்தோறும் விளையாட்டுப் பள்ளிகள் வந்தன. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சிறுவனின் கைவீச்சைக் கவனிக்கும் உள்ளூர் ஆசிரியருக்கு, அவனை அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியும். அங்கே வாங்கிக்கொள்ள ஆளும் இருப்பார். மாகாணங்கள் மோதும் பிளாயா கிரோன் தேசியப் போட்டியில் அவன் தன் எடையில் நாட்டின் சிறந்த கைகள் அனைத்தையும் சந்தித்தாக வேண்டும். சிறிய நாடு என்பது இங்கேதான் பலமாக மாறுகிறது. தூரம் குறைவு, ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், திறமை கண்ணுக்குத் தப்புவது அரிது. ஒலிம்பிக் விதியும் கைகொடுக்கிறது. ஓர் எடைப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் என்பதால், 140 கோடிப் பேரின் இந்தியாவும் ஒருவரைத்தான் அனுப்ப முடியும், ஒரு கோடிப் பேரின் கியூபாவும் ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அதோடு இந்த விளையாட்டில் ஐம்பது கிலோ உடம்புக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு கூடம், சில மணல் மூட்டைகள், கையுறைகள் இருந்தால் தொடங்கிவிடலாம். விலை கொடுத்து வாங்க முடியாதது நல்ல ஆசிரியர் மட்டுமே.

இதெல்லாம் சோவியத் பணத்தில் நடந்தது, சர்வாதிகார அரசின் கௌரவத்துக்காக நடந்தது என்பது அடுத்த எதிர்வாதம். உதவி வந்ததும் உண்மை, கௌரவப் பசி இருந்ததும் உண்மை. ஆனால் சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறிய பிறகு, கியூப வீடுகளில் விளக்கெரிய மின்சாரம் இல்லாத காலத்தில், பார்சிலோனா ஒலிம்பிக்கில் பன்னிரண்டு எடைப் பிரிவுகளில் ஏழு தங்கம் கியூபாவுக்குப் போனது. 2004-இல் ஏதென்ஸிலும் ஐந்து. பணம் நின்ற பிறகும் படிக்கட்டு நின்றிருந்தது. சர்வாதிகாரம் தேவையா என்ற கேள்விக்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். பார்சிலோனாவில் கியூப வீரரைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய அயர்லாந்தின் மைக்கேல் கரூத்தைத் தயார்செய்தவர்களில் நிக்கோலஸ் குரூஸ் என்ற கியூபப் பயிற்சியாளரும் ஒருவர். பிறகு அந்த நாடு தளர்ந்தது; 2004 ஒலிம்பிக்குக்கு ஒரே ஒரு குத்துச்சண்டை வீரர்தான் தகுதி பெற்றார். இதற்குள் அங்கே உயர்திறன் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. பில்லி வால்ஷும் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஸௌர் அன்டியாவும் அதில் தோள் கொடுத்தார்கள். 2008-இல் மூன்று பதக்கம், 2012-இல் நான்கு. 2015-இல் வால்ஷ் அமெரிக்க அணிக்குப் போனார். அடுத்த ஆண்டு ரியோவில் அயர்லாந்துக்கு ஒரு பதக்கமும் இல்லை. ரியோ நடுவர்களின் தீர்ப்புகள் பெரும் சர்ச்சைக்கு உள்ளானவை, ஆகவே முழுப் பழியையும் அந்த விலகல் மேல் போட முடியாது. ஆனாலும் ஓர் ஆசிரியரின் விலகலைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது: கியூபா தன் வீரர்களைப் பூட்டி வைத்து வென்றது என்பது. தியோபிலோ ஸ்டீவன்சன் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றும் அமெரிக்காவின் கோடிகளை வேண்டாம் என்றார். அது அவருடைய தேர்வு, மதிக்கிறேன். எல்லோருக்கும் அந்தத் தேர்வு இருக்கவில்லை. யூரியோர்கிஸ் கம்போவா உட்பட ஏதென்ஸில் தங்கம் வென்ற மூவர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கில்லெர்மோ ரிகாண்டோ 2007-இல் தப்ப முயன்று பிடிபட்டு, அணியில் இடம் இழந்து, 2009-இல் போயே போனார். விளைவு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலேயே தெரிந்தது: எட்டுப் பதக்கம் வந்தது, தங்கம் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உச்சியிலிருந்தவர்கள் போன பிறகும் எட்டுப் பேர் மேடையேறினார்கள் என்றால், வீரர்களை உருவாக்கியது பூட்டு அன்று. பூட்டு செய்ததெல்லாம் சம்பாதிக்கும் உரிமையைப் பறித்துச் சிறந்தவர்களை விரட்டியதுதான். 2022-இல்தான் கியூபா தன் வீரர்களை மீண்டும் தொழில்முறை மேடையில் ஏற விட்டது. அதற்குள் நிறையப் பேர் போய்விட்டார்கள். 2024 பாரிஸில் கியூபாவுக்கு ஒரு தங்கம், ஒரு வெண்கலம். அதே பாரிஸில் ஐந்து தங்கம் அள்ளியது உஸ்பெகிஸ்தான். அது கியூபாவைவிடப் பெரிய நாடுதான், ஆனாலும் மக்கள்தொகையில் இந்தியாவின் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான்.

இந்தியாவின் கணக்கில் இருப்பது மூன்று வெண்கலம். பி.ஐ. பெர்னாண்டஸ் என்ற கியூபர் இங்கே ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். 2012-இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர். நல்ல ஆசிரியரை வரவழைக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குக் கீழே ஊர்தோறும் இருக்க வேண்டிய நூறு ஆசிரியர்களைத்தான் நாம் உருவாக்கவில்லை.

கியூபாவைப் புகழும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. பெண்கள் குத்துச்சண்டை 2012-இலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. அதே ஆண்டு கேட்டி டெய்லரும், பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் கெல்லி ஹாரிங்டனும் அயர்லாந்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாடு இதுவரை வென்ற நான்கு குத்துச்சண்டைத் தங்கங்களில் மூன்று பெண்களுடையவை. இவ்வளவு அருமையான படிக்கட்டைக் கட்டிய கியூபா, 2022 டிசம்பர் வரை அதில் பெண்களை ஏறவே விடவில்லை.