மருந்து மட்டும் போதுமா?

எச்.ஐ.வி. தொற்றை முன்கூட்டியே தடுக்கும் மாத்திரையை, ஆபத்துக் கூடிய அனைவருக்கும் வழங்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டே தென்னாபிரிக்கா அதனைப் பெண் பாலியல் தொழிலாளர்களுக்கு வழங்க ஆரம்பித்தது. ஆயினும், பெற்றுக்கொண்டவர்களில் பலர் சில மாதங்களிலேயே கைவிட்டனர்.

இதனை அறியாமையென ஒதுக்கிவிட முடியாது. பக்கவிளைவுகள் ஒருபுறமிருக்க, தொற்றுள்ளோர் உட்கொள்ளும் மருந்தை ஒத்த இம்மாத்திரைப் போத்தலைக் காண்போர் தம்மையும் நோயாளியெனக் கருதுவர் என்ற அச்சமும் அவர்களை வாட்டியது.

ஆறு மாதங்களுக்கொருமுறை ஏற்றப்படும் லெனகாபவிர் ஊசி, அங்கும் உகண்டாவிலும் இளம் பெண்களிடையே நடத்தப்பட்டு 2024 இல் முடிவு வெளியான ஆய்வில், பெற்ற எவருக்கும் தொற்று ஏற்படாமற் காத்தது. மறைத்துவைக்கப் போத்தல் இல்லை. ஆனால், ஊசிக்கும் சிகிச்சை நிலைய வாசலை மிதித்தேயாக வேண்டும். அங்கு அவர்களை இழிவாக நோக்கும் பார்வை மாறாதவரை, எந்த மருந்தும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.