எங்களுக்கு ஆயா, ஊருக்கு நர்ஸ்

செத்துப்போன நம் கிழவிகளைப் பற்றி எழுதச் சொன்னால் நம் தோழர்களுக்கே பேனா தடுமாறுகிறது. 'தியாகம்', 'தாயுள்ளம்', 'அன்பின் உருவம்' என்று நாலு சொல்லைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். தலைவர் செத்தால் வரலாறு, கிழவி செத்தால் பாசம். இது என்ன கணக்கு? ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சேரியில் பிறந்து, முப்பது வருஷத்துக்கும் மேல் அரசு நர்சாக வேலை பார்த்து, ஓய்வு பெற்றுக் காலமான எங்கள் ஆயாவை அப்படிப் பாசத்துக்குள் போட்டு மூடிவிட எனக்கு மனசில்லை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கழுவித் துடைக்கிற கடைநிலை ஊழியருக்கு அங்கே ஆயா என்று பெயர். ஊர்த்தெரு எங்கள் ஆயாவை 'ஆயா' என்றது இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான். அதே வேலையில் முன்பு இருந்த வேறு சாதிப் பெண் அவர்களுக்கு 'நர்சம்மா'. ஆயா விடமாட்டார். "எம் பேரப்புள்ளைங்களுக்குத்தான் நான் ஆயா. உங்களுக்கு நர்சு. ஊசி வேணும்னா நர்சம்மான்னு கூப்புடுங்க" என்பார். ஆயா வேலை கேவலமில்லை. படித்து வாங்கின பெயரைச் சாதியைச் சொல்லிப் பிடுங்குவதுதான் கேவலம்.

இதன் வேர் தீட்டில் இருக்கிறது. பிரசவம் தீட்டு, ரத்தம் தீட்டு, நச்சுக்கொடி தீட்டு. தீட்டைத் தொட ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குத் திறமை இருக்கிறது என்று மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. புதுச்சேரிக்கு அருகே காரணியில் வாழ்ந்த வீரம்மா, வயல்கூலியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்தவர். அவர் தமிழில் சொன்ன வாழ்க்கைக் கதையை ஜோசியான் ரசீன் கேட்டுப் பதிவு செய்தார். 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் அது புத்தகமாக வந்தது. வீரம்மா பெற்றது 12 பிள்ளைகள். மிஞ்சியது மூன்று. ஊரார் பிள்ளைகளைக் கையேந்தி எடுத்தவளின் மடியில் ஒன்பது பிள்ளைகள் தங்கவில்லை. அவருக்கு அரசுச் சம்பளம் இல்லை, பதவிப்பெயர் இல்லை, ஓய்வூதியம் இல்லை.

எங்கள் ஆயா அதற்கு அடுத்த தலைமுறை. இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்று 1946-ல் ஜோசப் போர் குழு எழுதியது. ரத்தத்தைத் தொடுவதும், ராத்திரி வேலைக்குப் போவதும், அந்நிய ஆணைத் தொட்டுத் தூக்குவதும் 'கௌரவமான' சாதிப் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரிகளில் பயின்ற கிறித்தவப் பெண்கள் வந்தார்கள். பிறகு இடஒதுக்கீட்டில் சேரிப் பெண்களும் வந்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் யாரும் போட்ட பிச்சையில்லை. அம்பேத்கர் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது.

ஏரிக்கரையிலும் வரப்பிலும் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தார். ஊர்த்தெருவில் குழந்தையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் கேட்டால் தேங்காய்த் தொட்டியில் ஊற்றுவார்கள். "புள்ளையைத் தொட்ட கை சொம்பைத் தொட்டா கெட்டுப்பூடுமா?" என்று கேட்டுவிட்டு, குடிக்காமலே வந்துவிடுவார். ஆனால் மூன்றாம் நாள் தாய்க்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்க அதே வீட்டுக்குப் போவார். இதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். தொழில் தெரிந்தவளின் ஒழுங்கு அது. பேறுகாலக் காய்ச்சல் எத்தனை தாய்மாரைக் கொண்டுபோயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மேடையில் இதற்கு மந்திரிகள் மாலை வாங்கிக்கொள்கிறார்கள். வீடுவீடாகப் போய், பயந்த மாமியார்களோடு மல்லுக்கட்டி, கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த கிராமத்து நர்சுகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலாவது உண்டா?

ஆயாவின் சம்பளம் எங்களைப் படிக்க வைத்தது. ஓய்வூதியம் கடைசிவரை அவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் வைத்திருந்தது. அந்தக் கதவைத்தான் பின்னால் வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளினார்கள். 2015-ல் தேர்வெழுதி வந்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவுக்கென்று எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. கைதட்டி விளக்கேற்றினோமே, அதுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இப்போது கண்ணில் தெரிவது இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் கம்பெனி வேன்கள்தான். தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. ஒப்பந்தக்கூலிக்கு நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்ப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆயா அப்போது கேட்டது ஒன்றுதான்: "யாருக்கு எத்தினி தரம் போச்சின்னு நோட்டுல எழுதினாங்களா?" நர்சின் கேள்வி அது. எழுதி வைக்காத நோவு நடக்காத நோவாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

தோழர்களே, மாணவர்களே, அந்தக் கேள்வி நமக்கும்தான். ஓய்வு பெற்ற நர்சுகள், மருத்துவச்சிகள் உங்கள் சேரியில் இன்னும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்கள், எத்தனை ஊருக்கு நடந்தார்கள், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் மறுத்தார்கள், ஊர் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று எழுதி வையுங்கள். அவர்கள் போன பிறகு ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'அன்புத் தெய்வம்' என்று போடாதீர்கள். பெயரைப் போடுங்கள். கீழே 'அரசு செவிலியர், ஓய்வு' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஊர்த்தெரு வழியாகப் போகிறவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போகட்டும்.