உச்சிக்குச் செல்லும் வழி திறக்கட்டும்

நைனார்பாளையத்தில் மஞ்சள் பையில் வழக்குக் கட்டோடு பேருந்துக்கு நிற்கும் விவசாயிக்கும் கடைசி நம்பிக்கை உச்ச நீதிமன்றம்தான். கள்ளக்குறிச்சி மாவட்டக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், 2024-இல் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மலையேறிப் பார்க்கும் நீதியின் அருமை இம்மாவட்டத்துக்குத் தெரியும்.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தலைமை நீதிபதி உள்ளிட்ட ஐந்து மூத்த நீதிபதிகளின் கொலீஜியம் பரிந்துரைக்கிறது. கொலீஜியத்துக்கு மாற்றாக அரசு கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்துசெய்தது. அரசின் கை ஓங்காதிருக்க அது சரியே. ஆனால், மூடிய அறைத் தேர்வு சரியல்ல.

சிற்றூரிலிருந்து வந்து, 1988-இல் மாவட்ட நீதிபதியான ஆர்.பானுமதி 2014-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அப்படி மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்சியை எட்டுபவர்கள் அரிதாக இருக்கக் கூடாது. தகுதிக்கான அளவுகோலையும் தேர்வுக்கான காரணத்தையும் கொலீஜியம் முழுமையாக வெளியிட வேண்டும்.